வானம் பார்த்த பூமி... பூமி பார்த்த வானம்!

ஒரு சின்ன டெஸ்ட். மேஜை மேல் இருக்கிற ஃபைலைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு (மேனேஜர் டீ குடிக்கப் போன நேரமாகப் பார்த்து), ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். ஆகாயத்துக்கு அப்பால் இருக்கிற உலகத்தைப் படமாகப் போடுங்கள் பார்ப்போம்!

நீங்கள் என்ன வரைவீர்கள் என்று எனக்குத் தெரியும். தாள் முழுக்கக் கறுப்பு அடிப்பீர்கள். அங்கங்கே வெள்ளைப் புள்ளி. ஓரத்தில் வளையம் மாட்டிய சனி. நடுவில் தீபாவளி ராக்கெட்டுக்குப் பெரியண்ணன் மாதிரி ஒரு ராக்கெட். இன்னும் கொஞ்சம் உற்சாகம் வந்தால், ஆபீஸில் உங்களுக்குப் பிடிக்காதவர் ஜாடையில், தலையில் ரெண்டு ஏரியலோடு ஒரு பச்சை நிற ஆசாமி!

சரி ஸார், இதையெல்லாம் நீங்கள் எங்கே பார்த்தீர்கள்? உலகத்திலேயே விண்வெளிக்குப் போய் வந்தவர்கள் சில நூறு பேர்தான். ஒரே ஒரு தியேட்டரில் அத்தனை பேரையும் உட்கார வைத்துவிடலாம். மிச்சமுள்ள 800 கோடிப் பேரும் சினிமாவிலும் படத்திலும் பார்த்த கேஸ்தான். பார்க்காத ஊருக்கு வழி சொல்வதில் மனுஷனுக்கு இணை யாரும் கிடையாது.

இதே மாதிரி ஒரு டெஸ்ட் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் புதுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு ஓவியருக்கும் வந்தது. மேலுலகத்துச் சமாசாரம் ஒன்றை வரைய வேண்டும். அவர் கறுப்பு அடிக்கவில்லை. புள்ளி வைக்கவில்லை. குளம் வரைந்தார்!

கூரையில் ஒரு குளம்

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர், சித்தன்னவாசல். ஸ்கூல் டூரில் போய், புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு, மலையில் ஏறி இறங்கி, 'வந்தோம், போனோம்' என்று பஸ் ஏறியவர்கள் நம்மில் நிறையப் பேர். மலை மேல் ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்களின் கல் படுக்கைகள் 17 இருக்கின்றன. வழவழப்பாகத் தேய்த்த படுக்கை, தலையணையும் கல்லிலேயே! (ஃபோம் மெத்தையில் ஏ.சி. போட்டும் தூக்கம் வராமல் புரள்கிறவர்கள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.) அங்கே இருக்கிற தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுக்கு வயசு சுமார் 2,000.

நமக்கு வேண்டியது அது இல்லை. அதே மலையின் மேற்குச் சரிவில் பாறையைக் குடைந்து கட்டிய அறிவர் கோயில். சின்னக் கோயில்தான். ஒரு கருவறை, முன்னால் ஒரு மண்டபம். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால்... தலைக்கு மேலே தண்ணீர்!

தாமரைக் குளம். இடைவெளியே இல்லாமல் பச்சை இலைகள். மொட்டு, பாதி விரிந்தது, முழுசாக விரிந்தது என்று எல்லாப் பருவத்திலும் பூக்கள். நடுநடுவே மீன்கள், அன்னங்கள், எருமை, யானைகள். மூன்று பேர் குளத்தில் இறங்கிப் பூப் பறித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் முகத்தில் அவசரமே இல்லை. மாசக் கடைசி என்கிற கவலையே இல்லாத முகங்கள்.

வெறும் குளமா இது? இல்லை. சமண சமயத்தில் 'சமவசரணம்' என்று ஒன்று உண்டு. முழு ஞானம் அடைந்த தீர்த்தங்கரர் உபதேசம் செய்வதற்காகத் தேவர்களே கட்டிக் கொடுக்கிற சபை அது. வட்டத்துக்குள் வட்டமாகப் பல பகுதிகள். அந்தச் சபைக்குப் போகிறவர்கள் கடக்க வேண்டிய பகுதிகளில் ஒன்று இந்தக் குளம் என்பது ஆராய்ச்சியாளர்களின் விளக்கம்.

அதாவது, ஓவியர் கண்ணால் பார்க்கவே முடியாத இடம். ஸ்பாட்டுக்குப் போய் ஸ்கெட்ச் எடுக்கிற பேச்சே இல்லை. குளம் வேண்டும் என்று சொன்னது சமயம். ஆனால் அந்த மீனும், எருமையும், பூவைப் பறித்துத் தண்டோடு தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிற ஆளும் எங்கிருந்து வந்தார்கள்? ஊர்க் குளத்திலிருந்துதான்!

புதுக்கோட்டைச் சீமையைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. மழை வந்தால் கண்மாய் நிறையும். கண்மாய் நிறைந்தால்தான் வீட்டில் கல்யாணப் பேச்சு. 'மறுகால் போகுதாம்' என்று ஒருத்தர் வந்து சொன்னால் ஊரே பார்க்கக் கிளம்பும். அப்படிப்பட்ட மண்ணில் மேலுலகம் என்றால் எப்படி இருக்கும்? வருஷம் பூரா வற்றாத குளமாக இருக்கும்!

அந்த ஓவியத்தில் இன்னொரு வேடிக்கை. கரை கிடையாது, அடிவானம் கிடையாது. யானையும் மீனும் இலைகளுக்கு நடுவில் அப்படியே மிதக்கிற மாதிரி இருக்கும். எது மேல், எது கீழ் என்று கேட்டால் சொல்ல முடியாது. இன்றைக்கு டி.வி.யில் விண்வெளி நிலையத்துக்குள் விஞ்ஞானிகள் மிதந்துகொண்டு பேட்டி கொடுக்கிறார்களே, அதேதான்! எடையில்லாத உலகத்தை ராக்கெட் இல்லாமலே பிடித்துவிட்டார் மனுஷன்.

மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்பவர் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9-ஆம் நூற்றாண்டில், இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. 1920-இல் பிரெஞ்சு அறிஞர் ஜூவோ துப்ராய் இந்த ஓவியங்களைப் பற்றி எழுதினார். அவர் கணக்குப்படி இது மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எந்த ராஜாவாக இருந்தால் என்ன? ராஜா பெயர் இருக்கிறது, புதுப்பித்தவர் பெயர் இருக்கிறது. தூரிகை பிடித்தவர் பெயர்தான் இல்லை. (டைட்டில் கார்டு பிரச்னை அன்றைக்கே இருந்திருக்கிறது!)

குடையோடு நிலாவுக்கு...

உள்ளூர் ஓவியர் மட்டும்தான் ஊரைத் தூக்கி ஆகாயத்தில் வைத்தார் என்று நினைக்காதீர்கள். வெள்ளைக்காரர்களும் அதையே செய்தார்கள்.

1902-இல் ஜார்ஜ் மெலியே என்ற பிரெஞ்சுக்காரர் நிலாவுக்குப் போகிற படம் எடுத்தார். கால் மணி நேரப் படம். பீரங்கியில் குண்டுக்குப் பதிலாக ஆட்களை உட்கார வைத்துச் சுடுவார்கள். குண்டு நேராக நிலாவின் கண்ணில் போய்க் குத்தும். இறங்குகிற விஞ்ஞானிகள் எப்படிப் போனார்கள் தெரியுமா? கோட்டு, சூட்டு, கையில் குடை! பாரிஸில் ஒரு பெரிய மனுஷன் வெளியே கிளம்பினால் எப்படிக் கிளம்புவாரோ, அப்படி. நம் ஆள் எடுத்திருந்தால் மஞ்சப் பையும் வெற்றிலைப் பெட்டியும் இருந்திருக்கும்.

1929-இல் ஜெர்மன் டைரக்டர் ஃபிரிட்ஸ் லாங் ஒரு நிலாப் படம் எடுத்தார். ராக்கெட் கிளம்புவதில் ஒரு டென்ஷன் வேண்டுமே! ஒன்று, ரெண்டு என்று ஏறிக்கொண்டே போனால் எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் தலைகீழாக எண்ண வைத்தார். ராக்கெட்டுக்கு 'கவுன்ட் டவுன்' பிரபலமானது அந்தப் படத்தால்தான். இன்றைக்கு ஸ்ரீஹரிகோட்டாவில் எண்ணுகிறார்களே, அது சினிமா விஞ்ஞானத்துக்குப் போட்ட மொய்!

அமெரிக்காவில் செஸ்லி போன்ஸ்டெல் என்று ஒரு ஓவியர். 1944-இல் 'லைஃப்' பத்திரிகையில் சனிக் கிரகத்தை, அதன் துணைக்கோள் டைட்டனிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று வரைந்தார். அசந்துபோனார்கள். நிலா மலைகளையும் வரைந்தார். கூர் கூராக, கத்தி மாதிரிச் செங்குத்தான சிகரங்கள். 1969-இல் ஆம்ஸ்ட்ராங் கோஷ்டி நிஜமாகவே போய் இறங்கியது. அதற்கப்புறம் போனவர்களும் படம் எடுத்து அனுப்பினார்கள். நிலா மலைகள் எல்லாம் தேய்ந்த மொட்டைக் குன்றுகள்! நார்த்தாமலைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகத் தெரியுமே, ஏறக்குறைய அந்த மாதிரி. போன்ஸ்டெல் பாவம், ஆல்ப்ஸ் மாதிரி மலைகளையே அழகு என்று பழகினவர்!

வேற்றுக் கிரகத்தில் நம்பியார்

இப்போது கோடம்பாக்கத்துக்கு வருவோம். 2018-இல் 'டிக் டிக் டிக்' வந்தபோது 'இந்தியாவின் முதல் விண்வெளிப் படம்' என்று விளம்பரம் செய்தார்கள். ஆனால் அதற்கு 55 வருஷம் முன்னாலேயே எம்.ஜி.ஆர். வேற்றுக் கிரகத்துக்குப் போய்ச் சண்டை போட்டுத் திரும்பியும் வந்துவிட்டார்!

படம் 'கலை அரசி'. 1963 ஏப்ரலில் ரிலீஸ். டைரக்ஷன் ஏ.காசிலிங்கம். யூரி ககாரின் விண்வெளிக்குப் போய் இரண்டே வருஷம். நிலாவில் மனுஷன் இறங்க இன்னும் ஆறு வருஷம் பாக்கி. நம் நாட்டு மண்ணிலிருந்து, தும்பாவில், முதல் ராக்கெட் கிளம்பியதே அந்த வருஷம் நவம்பர் 21-ஆம் தேதிதான். அதாவது, ராக்கெட்டுக்கு ஏழு மாசம் முன்னால் எம்.ஜி.ஆர். போய்விட்டார்.

கதைதான் அற்புதம். வேற்றுக் கிரகத்தில் விஞ்ஞானம் ஏகப்பட்டது உண்டு. பாட்டும் கூத்தும் மட்டும் இல்லை. அதனால் பூமிக்கு வந்து, பாட்டில் தேர்ந்த ஒரு பெண்ணைக் கடத்திக்கொண்டு போகிறார்கள், அங்கே உள்ளவர்களுக்குக் கலை கற்றுக்கொடுக்க! கடத்தப்படுகிறவர் பானுமதி. கடத்துகிறவர்... வேறு யார், நம்பியார்தான். எந்தக் கிரகத்தில் பிறந்தாலும் அவருக்கு அந்த வேஷம்தான். அந்தக் கிரகத்திலும் ராஜா உண்டு, இளவரசி உண்டு, அரியணைச் சதி உண்டு. கிரகம்தான் வேறு, ஊர் நம்ம ஊர்!

சிரிப்பாக இருக்கிறதல்லவா? ஆனால் ஒரு நிமிஷம் யோசியுங்கள். ஹாலிவுட்டில் வேற்றுக்கிரகவாசி எதற்காக வருவான்? பெரும்பாலும் பூமியைப் பிடிக்க, நியூயார்க்கை இடிக்க. நம் படத்தில் பாட்டு வாத்தியார் தேடி வருகிறான்! நம்மிடம் எது உசத்தி, எதற்காக ஆகாயத்திலிருந்து வரலாம் என்று 1963-இல் ஒரு தமிழ்ப் படம் நினைத்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. சித்தன்னவாசல்காரருக்குக் குளம் மாதிரி, இவர்களுக்குச் சங்கீதம்.

நிசப்தமும் விசிலும்

விண்வெளியில் காற்றில்லை. காற்றில்லை என்றால் சத்தமும் இல்லை. அங்கே வெடிகுண்டே வெடித்தாலும் பக்கத்தில் இருக்கிறவன் காதில் விழாது. 1968-இல் ஸ்டான்லி குப்ரிக் '2001: ஏ ஸ்பேஸ் ஒடிஸி' எடுத்தபோது இதை மதித்தார். வெட்டவெளியில் மூச்சுச் சத்தமும் நிசப்தமும்தான். சுழலும் விண்கலத்தைக் காட்ட 38 அடி விட்டத்தில், சுமார் 30 டன் எடையில், நிஜமாகவே சுற்றுகிற ராட்டினம் மாதிரி ஒரு செட் போட்டார். அந்தக் காலத்திலேயே அதற்கு மட்டும் ஏழரை லட்சம் டாலர் செலவு.

1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' இதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை. விண்வெளியில் டமால் டுமீல்தான்! வசூலும் டமால் டுமீல். தயாரிப்பாளர்கள் யார் பக்கம் போனார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. நம்மூர் தியேட்டரில் பத்து செகண்ட் நிசப்தம் விட்டுப் பாருங்கள். பின் ஸீட்டிலிருந்து விசிலும், 'ஆபரேட்டர்... சவுண்டு!' என்று கூச்சலும் வரும்.

கலர் கொடுத்தது யார்?

'சினிமா பொய், போட்டோ நிஜம்' என்பீர்கள். ஹபிள் தொலைநோக்கி எடுத்த கலர் கலரான படங்கள் உங்கள் செல்போனில்கூட இருக்கும். அந்தக் கேமரா பதிவு செய்வது கறுப்பு வெள்ளைதான் ஸார்! ஒவ்வொரு வடிகட்டியாக மாற்றி மாற்றி எடுத்துவிட்டு, இந்த வாயுவுக்குச் சிவப்பு, அந்த வாயுவுக்குப் பச்சை, இதற்கு நீலம் என்று கீழே உட்கார்ந்து கொடுக்கிறார்கள். இது பொய் இல்லை. விவரம் தெரிவதற்காகச் செய்கிற வேலை. ஆனாலும் எந்தக் கலர் என்று முடிவு செய்கிறது பூமியில் உட்கார்ந்திருக்கிற ஒரு மனுஷனின் கண்.

அங்கேயே போய் வரைந்தவரும் உண்டு. ரஷ்யாவின் அலெக்ஸி லியோனவ். 1965 மார்ச் 18-ஆம் தேதி கலத்தை விட்டு வெளியே வந்து முதல்முதலாக விண்வெளியில் மிதந்த மனுஷன். அந்தப் பயணத்தில் கலர் பென்சில் கொண்டு போயிருந்தார். பென்சில் மிதந்து ஓடிவிடாமல் இருக்க நூல் கட்டியிருந்தார்! உள்ளே உட்கார்ந்து அவர் வரைந்தது கிரகமும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. பூமியின் விளிம்பில் சூரியன் உதிப்பதை வரைந்தார். அத்தனை தூரம் போய் அவர் பார்த்தது நம் வீட்டு வாசலைத்தான்.

நாமக்கல்லில் நிலா

சந்திரயான் இறங்குவதற்கு முன்னால் இஸ்ரோ ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு நிலா மாதிரி ஒரு தரை வேண்டும். சினிமா பாஷையில் சொன்னால், நிலா செட். மண்ணுக்கு எங்கே போவது? நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்து அனார்த்தசைட் பாறை, நிலாவின் மேட்டுப்பகுதி மண்ணோடு ஒத்துப்போகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதை உடைத்து, பொடியாக்கி, டன் கணக்கில் கொட்டி, அதன் மேல் கலத்தை ஓட்டிப் பார்த்தார்கள். 2020-இல் அந்த மண் தயாரிக்கும் முறைக்கு இஸ்ரோவுக்குக் காப்புரிமையும் கிடைத்தது. 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி சந்திரயான்-3 நிலாவின் தென் துருவப் பக்கம் இறங்கியபோது, அது பழகிய மண் நம் மண். அந்தத் திட்ட இயக்குநர் வீரமுத்துவேலும் விழுப்புரத்துக்காரர்!

இதற்கு நேர் எதிராகவும் ஒன்று நடந்தது. 2024 பிப்ரவரியில் குலசேகரன்பட்டினம் ராக்கெட் தளத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. அதில் இருந்த ராக்கெட்டில் சீனக் கொடி! எங்கிருந்தோ ரெடிமேடாக ஒரு ராக்கெட் படத்தை எடுத்து ஒட்டியதில் வந்த வினை. நிலாவுக்கு நாமக்கல்லில் மண் தேடினவர்களும் நாம்தான். நம் ராக்கெட்டுக்கு அடுத்தவன் படத்தைத் தேடினவர்களும் நாம்தான்.

நைட் ஷிஃப்ட் கிரகங்கள்

இந்த இடத்தில்தான் விஷயம் கொஞ்சம் சீரியஸாகிறது.

2013-இல் 'கிராவிட்டி' என்று ஒரு ஹாலிவுட் படம். செலவு சுமார் 10 கோடி டாலர். அதே வருஷம் கிளம்பிய நம் மங்கள்யானுக்கு ஆன செலவு 450 கோடி ரூபாய். அது அந்தப் படத்தின் செலவைவிடக் கம்மி! நிஜமாகச் செவ்வாய்க்குப் போவதைவிடப் போன மாதிரி காட்டுவதற்குச் செலவு ஜாஸ்தி. (பி.காம். படித்தவன் இந்தக் கணக்கைச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது.)

அந்தப் படத்தில் பெரும்பகுதி கிராஃபிக்ஸ். 2014-இல் வந்த 'இன்டர்ஸ்டெல்லார்' படத்துக்குக் கருந்துளையை வரைந்தது லண்டனின் டபுள் நெகட்டிவ் நிறுவனம். கிப் தார்ன் என்ற பௌதிக விஞ்ஞானி கணக்குப் போட்டுக் கொடுத்தார். 2019 ஏப்ரல் 10-ஆம் தேதி விஞ்ஞானிகள் முதல்முதலாக ஒரு கருந்துளையின் நிஜப் படத்தை வெளியிட்டார்கள். நடுவில் இருட்டு, சுற்றி நெருப்பு வளையம். 'படத்தில் பார்த்த மாதிரியே இருக்கே!' என்று உலகம் சொன்னது. அதே நிறுவனத்துக்கு இன்றைக்குச் சென்னையிலும் ஆபீஸ் உண்டு.

அதாவது, அடுத்த ஹாலிவுட் கிரகத்தின் ஒரு ஓரத்து மலையை, சென்னையில் நைட் ஷிஃப்ட்டில் உட்கார்ந்து, கந்தர்வகோட்டையிலிருந்தோ ஆலங்குடியிலிருந்தோ வந்த ஒரு பையன் போட்டுக்கொண்டிருக்கலாம். அவனுக்குக் கை இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது, கலை இருக்கிறது. வரைகிற வானம் மட்டும் அவனுடையது இல்லை. வயர் அழிக்கிறதும், வேறு யாரோ முடிவு செய்த நட்சத்திரத்துக்கு வெளிச்சம் கூட்டுகிறதும்தான் முக்கால்வாசி வேலை.

அந்தக் கையை நம் கதைக்குப் பயன்படுத்த ஆரம்பித்திருக்கிறோம் என்பது உண்மை. 'டிக் டிக் டிக்'கில் ஜெயம் ரவி விண்வெளிக்குப் போகிறார். கூடவே அப்பா-மகன் சென்டிமென்ட்டும் போகிறது. மகனாக நடித்தது அவருடைய சொந்த மகனே. 2024 பொங்கலுக்கு வந்த ரவிகுமாரின் 'அயலான்', வேற்றுக்கிரகவாசியை ஒரு விவசாயி கையில் ஒப்படைத்தது. குறைகள் ஆயிரம் சொல்லலாம். ஆனால் நியூயார்க்குக்குப் போகாமல் ஒரு விவசாயியிடம் வந்து சேர்ந்தானே, அதற்காகவே ஒரு டிக்கெட் வாங்கலாம்.

கிராஃபிக்ஸ் மோசம் என்று நாம் கேலி செய்கிற படங்களில் நிஜமான குறை கிராஃபிக்ஸ் இல்லை. அடுத்த வீட்டு வானத்தைக் கடன் வாங்கியதுதான் குறை. கடன் வாங்கின வானம், கடன் வாங்கின சட்டை மாதிரி. எங்கேயாவது இடிக்கும்.

உதிர்கிற ஆகாயம்

சித்தன்னவாசல் கூரை இப்போது முழுசாக இல்லை. பாறை மேல் சுண்ணாம்புக் காரை பூசி, அதன் மேல் செங்காவி, மஞ்சள் காவி, பச்சை, கரி என்று வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். பல இடங்களில் வண்ணம் மங்கிவிட்டது. சில இடங்களில் காரையே உதிர்ந்துவிட்டது. தூண்களில் இருந்த நடன மாதர்கள் பாதிதான் தெரிகிறார்கள். காற்று, ஈரம், காலம் ஆகியவை செய்தது ஒரு பங்கு என்றால், மனுஷன் கை செய்தது ஒரு பங்கு. இப்போது தொல்லியல் துறை பாதுகாக்கிறது. ஆனால் உதிர்ந்த தாமரையை யாராலும் திருப்பி ஒட்ட முடியாது.

சினிமா ஓடவில்லை என்றால் அடுத்த வெள்ளிக்கிழமை வேறு படம் வரும். இந்த வானத்துக்கு ரெண்டாவது பிரிண்ட் கிடையாது.

அதனால் அடுத்த லீவில் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் போனால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். டிக்கெட் உங்கள் ஊர் சினிமா டிக்கெட்டைவிடக் கம்மி. கருவறைக்குள் மெதுவாக 'ம்...' என்று சொன்னால் அறை முழுக்கச் சேர்ந்து ரீங்காரம் போடும். சுவரைத் தொடாதீர்கள். செல்போனைப் பையில் வையுங்கள். முதலில் கண்ணால் பாருங்கள்.

கூட ஒரு பொடியனையோ, கிராஃபிக்ஸ் படிக்கிற தம்பியையோ கூட்டிப் போனால் இன்னும் நல்லது. அண்ணாந்து பார்த்துவிட்டு அவன், 'என்னண்ணே, வானத்தை வரையச் சொன்னா குளத்தை வரைஞ்சு வெச்சிருக்கான்?' என்று கேட்பான்.

'அவன் ஊர்ல அப்ப அதுக்குத்தான்டா பஞ்சம். உன் ஊர்ல இப்ப எதுக்குப் பஞ்சமோ, அதை நீ வரை' என்று சொல்லுங்கள்.